தையல்காரன் சதை

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் நடந்தது இது. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளின் பாய்மரத்துக்குக் கித்தான் துணியில் பாய் தைப்பதுதான் என் வீட்டுக்காரருக்குத் தொழில். கடற்கரைக் கொட்டகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியில் கித்தானைப் போட்டுக்கொண்டால், பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். கால் வேர் விட்டுவிட்டதா என்று நான் கிண்டல் செய்வேன்.

ஒரு நாள், தைத்து முடித்த பாயைத் தோணியில் ஏற்றும்போது இரும்புக் கொக்கி ஒன்று வீசி வந்து அவர் தொடையைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அவரோ சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். மறுபடியும் உட்கார்ந்து தைக்க முடியுமா என்ற ஒரே கவலைதான். வேறு வேலையும் அவருக்குத் தெரியாது.

அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா கட்டு மாற்றும்போது, என்ன தொழில் என்று கேட்டார். நான் சொன்னதும் சிரித்துவிட்டார். அறுபட்ட சதைக்கு 'சார்ட்டோரியஸ்' என்று பெயராம். தையல்காரனைக் குறிக்கும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்ததாம். அந்தக் காலத்துத் தையல்காரர்கள் தரையில் சம்மணமிட்டுத் தைப்பார்களாம், காலை அப்படி மடக்க உதவுகிற சதை என்பதால் இந்தப் பெயராம்.

"உங்க தொழில் பேர்லயே ஒரு சதை இருக்கு அண்ணாச்சி. சீக்கிரம் ஆறிடும்" என்றார்.

அவ்வளவுதான், மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கட்டைக் காட்டிப் பெருமையடித்தார். எங்கள் மாதா கோயிலில் பூசை தமிழுக்கு மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதுவரை அர்த்தம் தெரியாமலே நாங்கள் கைகூப்பிக் கேட்ட பாஷை லத்தீன். அதில் தன் தொழிலுக்கும் ஓர் இடம் இருக்கிறது என்றால் சும்மா இருப்பாரா? நான் மட்டும் என்ன, மீன் வாங்கப் போன இடத்தில்கூட அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, தான் சொல்லும்வரை காலை மடக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் கொட்டகையில் பாதி தைத்த பாய் ஒன்று கிடந்தது. தோணிகள் புறப்படும் காலமும் நெருங்கிவிட்டது. தன் தையலில் இன்னொருவர் கை வைத்தால் அவருக்குப் பொறுக்காது. ஒரு காலையில் அந்தப் பாயை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார்.

"டாக்டரம்மா வேண்டாம்னாகளே" என்றேன்.

"ஏளா, தையல்காரன் சதைன்னு பேரு. தைச்சாத்தான ஆறும்? லத்தீன்ல சும்மாவா பேரு வச்சிருக்கான்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கித்தானை நானே அவர் மடியில் விரித்தேன். ஊசியில் நூலும் கோத்துக் கொடுத்தேன். மனிதர் வாய்க்குள் பாட்டு முனகிக்கொண்டே தைத்தார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

மத்தியானத்துக்குள் கித்தானில் ரத்தம். உள்ளே போட்ட தையல் பிரிந்து, பிறகு சீழ் வைத்து, கால் மிஞ்சியதே பெரிய காரியம் என்றாகிவிட்டது. அந்தக் காலை அதற்குப்பின் அவரால் மடக்கவே முடியவில்லை.

மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டரம்மா கட்டிலருகே நின்று, அந்தப் பெயரைத் தான் சொல்லியிருக்கவே கூடாது என்று கண் கலங்கினார். இவர்தான் தேற்றினார். "நீங்க என்னத்துக்கு அழுதிய? மடக்காதன்னும் நீங்கதான சொன்னிய. நான் பிடிச்சத மட்டும் காதுல வாங்கிக்கிட்டேன்."

அந்தப் பாயை வேறொருவர் தைத்து முடித்தார். தோணி புறப்பட்ட அன்று இவர் கடற்கரைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு கயிற்றுக் கடையில் நின்றபடியே வேலை பார்த்தார். கோயிலில் நாங்களெல்லாம் தரையில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் தூணில் சாய்ந்து நிற்பார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இன்றைக்கும் சோறு தின்ன நான் தரையில் காலை மடக்கி உட்காரும்போதெல்லாம், அன்றைக்கு அந்த ஊசியைக் கையில் கொடுக்காமல் எங்காவது ஒளித்து வைத்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.