பெரியவளின் வெறுங்கை

நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் திருத்தி அனுப்பும் அந்தக் கடையில் பெரியவள் பதினோரு வருஷமாக வேலை பார்த்தாள். பதினோரு வருஷமும் வெறுங்கைதான். கையுறை என்ற பேச்சை எடுத்தாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். "கையில தொட்டாத்தான் உண்ணி எங்க இருக்கு, சிக்கு எங்க இருக்கு, வலி எங்க இருக்குன்னு தெரியும். ரப்பரை மாட்டிக்கிட்டுத் தடவுறதுக்கு வீட்லயே உக்காந்து பாத்திரம் கழுவலாம்" என்பாள். அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி பொறாமை. அதை மூடி மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

பொறாமை யார் மேல் என்றால், சின்னவள் மேல். சின்னவள் இவளுடைய ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. ஒரே வீட்டில் இவள் கீழே, அவள் மாடியில். அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே பெரியவள்தான். "வீட்ல சும்மாதான் இருக்கா, எனக்குக் கூடமாட ஒத்தாசையா இருப்பா" என்று முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்ன அந்த வாயைப் பிறகு எத்தனை முறை நொந்துகொண்டாளோ, கணக்கில்லை.

மூன்று மாதம் பயிற்சிக்குப் போய் வந்த சின்னவள், முதல் நாளே பெட்டி நிறைய ஊதா நிறக் கையுறைகளோடு வந்து நின்றாள். ஒரு நாய்க்கு ஒரு ஜோடி. நாய் போனதும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கை கழுவி, அடுத்ததற்குப் புது ஜோடி. பெரியவள் கேட்காமலே காரணமும் சொன்னாள். "வெட்டின முடி ஊசி மாதிரி விரல் இடுக்குல ஏறிடுதுக்கா. உண்ணி மருந்து தோலை அரிச்சிடுது. இந்த நாய்கிட்ட இருக்கிற சொறி அந்த நாய்க்குப் போகாம இருக்கும் பாருங்க." பெரியவளின் விரல் இடுக்குகளில் முடி ஏறி, சீழ் வைத்து, ஆறிப்போன தழும்புகள் ஏழெட்டு இருந்தன. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஜனங்களுக்கு அந்த ஊதாக் கை பிடித்துப்போனது. "எங்க பாப்பாவை அந்த கிளவுஸ் போட்ட பொண்ணுகிட்ட குடுங்க" என்று வாசலிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள். முதலாளியம்மா சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். சரி, கடையோடு போயிற்று என்று வீட்டுக்கு வந்தால், மாமியார் தன் பங்குக்கு ஆரம்பித்தாள். "சின்னவ கையைப் பாரு, நாயைக் குளிப்பாட்டுற கைன்னு சொல்ல முடியுமா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவளின் புருஷன், மடையன், "ஆமாம்மா, மெத்துனு இருக்கும் போல" என்று தலையாட்டினான். அன்றைக்கு அவன் தட்டில் விழுந்த சாதம் ஆறி அவலாகப் போயிருந்தது.

இந்த வயிற்றெரிச்சலில்தான் அந்தத் தப்பு நடந்தது. ஒருநாள் ஒரு குட்டி நாய் வந்தது. காதுக்குப் பின்னால் வட்டமாக முடி கொட்டியிருந்தது. பெரியவள் அதைத் தொட்டியில் இறக்கும்போது, நாய்க்காரர் முன்னாலேயே சின்னவள் சொன்னாள்: "அக்கா, படர்தாமரை மாதிரி இருக்கு. கிளவுஸ் போட்டுக்கோங்க."

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் போட்டிருப்பாளோ என்னவோ. நாலு பேர் முன்னால் சொன்னதும், "எனக்கு நீ பாடம் எடுக்காத" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே அந்த வட்டத்தின் மேலேயே தேய் தேய் என்று தேய்த்துக் குளிப்பாட்டினாள்.

இரண்டு வாரத்தில் அவள் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம் வந்தது. வாட்ச் பட்டையை இறக்கி மறைத்தாள். வளையம் பட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அது முதலாளியம்மா கண்ணில் பட, அவள் டாக்டரிடம் அனுப்பினாள். டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்தார். "முழுசா ஆறுற வரைக்கும் நாயைத் தொடாதீங்க. உங்களுக்கு ஒரு நாய் குடுத்துச்சு. நீங்க பத்து நாய்க்குக் குடுப்பீங்க."

பெரியவள் முன்மேஜைக்கு மாற்றப்பட்டாள். போனை எடுப்பது, நேரம் எழுதுவது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தான் நின்ற டேபிளில், தன் கத்தரியோடு சின்னவள் நிற்பதை நாள் முழுக்கப் பார்ப்பது. பாவம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவள் பாவப்படவில்லை, எரிந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கென்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாய். எல்லோரும் அவனைக் கிழவன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த சடைமுடி நாய். பல்லில் பாதி போய்விட்டது, மிச்சமிருக்கும் பாதியால் முதலாளியம்மா உட்பட எல்லோரையும் பதம் பார்த்திருக்கிறான். பெரியவளிடம் மட்டும் அடங்குவான். காரணம் வாத்தியாருக்கே தெரியாது. எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடிய இடது பின்னங்கால் அவனுக்கு. அதைத் தூக்கினால் உயிர் போகும். வலப்பக்கமாகப் படுக்க வைத்து, முட்டிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டுதான் அந்தக் கால் நகத்தை வெட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று வருஷமும் நாலு கடியும் ஆயிற்று. யாரிடமும் சொன்னதில்லை.

கிழவன் வரும் நாள் வந்தது. "சின்னவளே பண்ணட்டும்" என்றாள் முதலாளியம்மா.

காலையில் சின்னவள் முன்மேஜைக்கு வந்து நின்றாள். "அக்கா, கிழவனுக்கு நான் எதாச்சும் கவனிக்கணுமா?"

பெரியவள் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "என்ன இருக்கு? எல்லா நாயும் போலத்தான்."

சின்னவள் சரியென்று தலையாட்டினாள். அப்புறம் போய்விட்டாள்.

கடிக்கட்டும். ஒரே ஒரு கடி. 'பெரியவ இல்லாம முடியாது'ன்னு இந்தக் கடை ஒரு தரம் சொல்லட்டும். அவள் மனசில் இருந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் அழகுபடுத்திச் சொல்ல எனக்கு வரவில்லை.

குளியல் முடிந்தது. முடி வெட்டு முடிந்தது. கிழவன் முனகிக்கொண்டே நின்றான். முன்னங்கால் இரண்டிலும் நகம் ஆயிற்று, வலது பின்னங்கால் ஆயிற்று. பெரியவள் எழுந்து கண்ணாடியோரம் போய் நின்றாள். சின்னவள் நகவெட்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையால் அந்தக் காலைப் பிடித்து மெல்லத் தூக்கினாள்.

கிழவன் திரும்பிக் கவ்வினான். விடவில்லை. சின்னவள் கத்தவும் இல்லை, கையை இழுக்கவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

ஆசைப்பட்டது நடந்துவிட்டதே, பெரியவளுக்குச் சந்தோஷம் வந்ததா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் குரல் கேட்டதும் கிழவன் வாயை விட்டான்.

"தூக்காத. வலப்பக்கமா படுக்க வை. முட்டிக்கு அடியில உள்ளங்கையைக் குடு. இழுக்காத, சும்மா தாங்கிக்கோ." சொல்லச் சொல்லச் சின்னவள் செய்தாள். கிழவன் பெருமூச்சு விட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டான். நாலு நகமும் பூப் போல வெட்டி முடிந்தது. பதினோரு வருஷத்தில் தான்கூட இவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை என்று பெரியவளுக்குத் தெரிந்தது, அந்த நேரத்திலும் சுருக்கென்றது.

வாத்தியார் வந்து கிழவனைக் கூட்டிக்கொண்டு போனார். சின்னவள் தொட்டியோரம் நின்று இடது கையுறையை உரித்தாள். ஊதா ரப்பர் கிழிந்து தொங்கியது. அதற்கு அடியில், கத்தி பட்டாலும் அறுபடாத, கெட்டியான சாம்பல் நிறப் பின்னல் கையுறை ஒன்று இருந்தது. அதையும் கழற்றினாள். பல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. ரத்தம் இல்லை.

பெரியவளுக்கு மூச்சு வந்தது. "நல்லவேளை. தினமும் அடியில இதைப் போடுறியா? நான் பாத்ததே இல்லையே."

"இல்லக்கா. இன்னைக்குத்தான் போட்டேன்."

"இன்னைக்கு மட்டும் ஏன்?"

"அந்தக் காலை நீங்க எப்பவும் கடைசியிலதான் தொடுவீங்க. நான் வந்த நாள்லேருந்து பாக்குறேன், ஏதோ இருக்குன்னு தெரியும். எப்படிப் பிடிக்கிறதுன்னுதான் தெரியல." குழாயைத் திறந்து கன்றிய இடத்தைத் தண்ணீரில் காட்டினாள். குரலில் கோபம் இல்லை, நாளைக்கு என்ன சமையல் என்று பேசுகிற குரல்தான். "அதான் காலைல உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. சரின்னு போய் இன்னொண்ணு எடுத்து மாட்டிக்கிட்டேன்."