சைவக் காலுக்கு ஒரு சப்பாத்து

சப்பாத்துக் கடை வேலைன்னா அடுத்தவங்க காலைப் பிடிச்சுப் பிழைக்கிற வேலை, அதுல மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. மலாக்கா டவுன்ல ஒரு சீனக் கிழவியோட கடையில பதினெட்டு வருஷமா நிக்கிறேன். முன்பக்கம் சப்பாத்து, பின்பக்கம் கைப்பை, பெல்ட். கிழவியை நாங்க எல்லாரும் தவுக்கேன்னு, அதாவது முதலாளின்னு, கூப்பிடுவோம். என்னை வாடிக்கைக்காரங்க கலா அக்கான்னு கூப்பிடுவாங்க. நீங்களும் எங்கேயாவது கவுண்டருக்குப் பின்னாடி நின்னவங்களா இருந்தா, முகத்துல சிரிப்பை வெச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள பல்லைக் கடிக்கிறது எப்படின்னு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் மீனும் கோழியும் சாப்பிடறவ. அதனால சைவக்காரங்களைக் கேலி பண்றேன்னு நினைச்சுடாதீங்க. கத்தரிக்காயைத் தின்னுட்டு, யாரையும் ஏசாம, தன் பாட்டுக்கு இருக்கறவங்க ரெண்டு மூணு பேரை எனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது மத்தவங்களைப் பத்தி. அதுல ஒருத்தரால என் பொண்ணு கல்யாணமே நின்னு போகப் பார்த்தது. அதையும் சொல்றேன்.

புரட்டாசி பெல்ட்

புரட்டாசி பிறந்தா போதும், ரெம்பியாவிலிருந்து ஒரு லோரிக்காரர் கடைக்கு வந்துடுவார். நெத்தியில பளிச்சுன்னு நாமம். முதல் வருஷம் வந்தப்போ நேரா கவுண்டர்ல நின்னு, இடுப்பு பெல்ட்டைக் கழட்டி வெச்சார். "அக்கா, இந்த மாசம் சைவம். இடுப்புல மாட்டைக் கட்டிக்கிட்டு பெருமாள் முன்னாடி நிக்க மனசு வரல. துணி பெல்ட் ஒண்ணு குடுங்க"ன்னார். எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருந்தது. பரவாயில்லையே, யோசிக்கற மனுஷன்னு நினைச்சேன்.

துணி பெல்ட்டைக் கட்டிக்கிட்டவர், கழட்டினதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல. வீட்டுலயும் விரதமாம், உள்ளே கொண்டு போகக் கூடாதாம், ஐப்பசி வரைக்கும் கடையிலேயே இருக்கட்டும்னுட்டார். சரின்னு ஒரு டிராயர்ல போட்டு வெச்சேன். அவர் போய் என்ன சொன்னாரோ, மறு வருஷம் அவரோட கூட்டாளிங்க நாலு பேர் வந்து பெல்ட்டைக் கழட்டினாங்க. இப்போ புரட்டாசி வந்தா என் டிராயர்ல பாம்பு சுருண்ட மாதிரி ஏழு பெல்ட் கிடக்கும். போன வருஷம் நடுவுல ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போற வழியில லோரிக்காரர் எட்டிப் பார்த்தார். டிராயரைத் திறக்கச் சொல்லி, தன்னோடதை ஒரு தடவை தடவிப் பார்த்துட்டுச் சொன்னார்:

"பத்திரமா வையுங்க அக்கா, அது ஒரிஜினல் மாட்டுத் தோலு."

ஆடுன்னா சரி

ஒரு பெரியவர். பிறவிச் சைவம், முட்டை போட்ட கேக்கைக் கூடத் தொட மாட்டாராம். பேத்தி கல்யாணத்துக்குச் சப்பாத்து வேணும். முதல்ல எடுத்ததைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன தோல்?"னு கேட்டார். மாடுன்னேன். சுட்ட சட்டியைத் தொட்ட மாதிரி வெச்சார். பக்கத்து அலமாரிக்குக் கை போச்சு. அது உள்பக்கம் பன்றித் தோல் வெச்ச ரகம், முஸ்லிம் வாடிக்கைக்காரங்களுக்காக அதுக்குன்னு தனி அலமாரி, தனிச் சீட்டு எல்லாம் ஒட்டியிருக்கோம். சொன்னதும் "சிவ சிவா"ன்னு ரெண்டடி தள்ளிப் போனார். மூணாவதா ஒண்ணைக் காட்டி, "இது ஆட்டுத் தோல் ஐயா"ன்னேன். போட்டுக்கிட்டு கடையை ரெண்டு சுத்து சுத்தினார். முகம் மலர்ந்து போச்சு.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஐயா ஆடு சாப்பிடுவீங்களா?"ன்னேன். "சேச்சே, மோந்து பார்த்தது கூட கிடையாதும்மா"ன்னுட்டு அதையே கட்டச் சொன்னார். அவர் போனப்புறம் தவுக்கேகிட்ட போய்க் கேட்டேன், இது எந்த ஊர் நியாயம்னு. தவுக்கே சீன மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் சைவம். அன்னிக்கும் சைவ மீயை, அதான் நூடுல்ஸை, உறிஞ்சிக்கிட்டேதான் மாட்டுத் தோல் பையை விலை பேசும். மீ நூலைக் கடிச்சு இறக்கிட்டு, மலாய்லதான் சொல்லுச்சு, நான் நம்ம பேச்சுல சொல்றேன்:

"அவர் வாய்தான் சைவம், காலுக்கு வாய் ஏது லா?"

காடியோட வந்தது

மங்களம் டீச்சர் கடைக்கு முதல்ல வந்தது நாலு வருஷத்துக்கு முன்னாடி. தமிழ்ப் பள்ளியில வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க, புக்கிட் காத்தில் பக்கம் சொந்த வீடு, அவங்க குடியிருக்கிற தாமான் கோயிலுக்கு மாதர் பகுதித் தலைவி. சைவத்துக்கு மாறிப் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தையும் எதிர்ல நிக்கறவங்க தலையில இறக்கி வெச்சுட்டுத்தான் அடுத்த பேச்சு. என் சாப்பாட்டு டப்பாவுல நெத்திலி சம்பல் இருந்ததைப் பார்த்துட்டு, கடையில நின்னே எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தாங்க.

அவங்களுக்குக் கைப்பை வேணும். பார்த்தா தோல் மாதிரி இருக்கணும். தொட்டாலும் தோல் மாதிரி இருக்கணும். கோயில்ல நாலு பேர் பார்த்தா நல்ல தோல் பைன்னு நினைக்கணும். ஆனா தோலா இருக்கக் கூடாது. ஒட்டற பசையில மாட்டு எலும்பு சேர்ந்திருக்குமான்னு கேட்டாங்க. சப்ளையருக்குப் போன் போட்டுக் கேட்டு, இல்லைன்னு சொன்னப்புறம்தான் பையை மடியில வெச்சாங்க. கூடவே விசேஷத்துக்குப் போட தங்க நிறத்துல ஒரு ஜோடி ரெக்சின் செருப்பு. "டீச்சர், இந்த ரகத்தைப் பெட்டியில பூட்டி வெச்சா நம்ம ஊர் புழுக்கத்துல மாவா உதிர்ந்துடும், அடிக்கடி போட்டு நடங்க"ன்னேன். "விசேஷத்துக்குப் போடறதை பசாருக்கா போட்டுட்டுப் போவாங்க?"ன்னு என்னை அடக்கிட்டாங்க.

நல்ல மழை. பொட்டலத்தைத் தூக்கிக்கிட்டு, குடை பிடிச்சுக் காடி வரைக்கும் போனேன். காரோட பின் கதவைத் திறந்தா உள்ளே சீட்டு பூரா தோல். நல்ல வெள்ளைத் தோல், என் தொழில்ல எனக்குத் தெரியாதா? நான் பார்த்தேன், நான் பார்க்கறதை அவங்க பார்த்தாங்க.

"அது காடியோட வந்தது கலா, நாமளா கேட்டோம்?"

லேஸ் இல்லாத சப்பாத்து

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பையன், இருபத்தெட்டு வயசு இருக்கும், ஒரு கறுப்புத் தோல் சப்பாத்தைக் கொண்டு வந்தான். அடி மாத்தணும். பேச்சுவாக்குல தான் சைவம்னு சொன்னான். எனக்கு நாக்கு நமநமன்னுச்சு. "தம்பி, வாய்தான் சைவமா?"ன்னு கேட்டுட்டேன். அவன் கோபப்படல. "இது எங்கப்பா போட்டது ஆன்ட்டி, அவர் தவறி அஞ்சு வருஷம் ஆச்சு. புதுசா வாங்கினா எனக்காக ஒரு மாடு போகணும். இது ஏற்கெனவே போன மாடு. குப்பையில போட்டா அது திரும்பியா வரப் போகுது?"ன்னான். அம்மா வீட்டுக்குள்ள விட மாட்டாங்கன்னு ஆபீஸ் டிராயர்ல வெச்சுப் போட்டுக்கறானாம். பதினெட்டு வருஷத்துல ஒருத்தன் உருப்படியா யோசிச்சுப் பேசினது அன்னிக்குத்தான்.

அன்னிக்கு என் பொண்ணு யாழினி கடைக்கு வந்திருந்தா. நர்ஸ் வேலை, லீவு நாள்ல எனக்குச் சாப்பாடு கொண்டு வருவா. சப்பாத்துக்கு ரசீது எழுதிக் குடுத்தது அவதான். அதுக்கப்புறம் அந்தப் பையன் மாத்தினதை வாங்கிப் போக ஒரு தடவை, குதி பார்க்க ஒரு தடவை, பாலிஷுக்கு ஒரு தடவைன்னு அவ லீவு நாளாப் பார்த்து வந்தான். பேர் பிரவீன், மங்களம் டீச்சரோட ஒரே மகன்னு தெரிஞ்சப்போ ரசீது புத்தகத்தை அவகிட்டேயிருந்து நான் வாங்கிக்கிட்டேன். அதுக்குள்ள காரியம் கை மீறிப் போயிருந்தது. அஞ்சாவது தடவை வந்து, லேஸே இல்லாத அந்தச் சப்பாத்தை நீட்டிக்கிட்டு, என் பொண்ணைப் பார்த்தபடி என்கிட்ட சொன்னான்:

"ஆன்ட்டி, இதுக்கு லேஸ் மாத்தணும்."

எங்க ஆளுங்க

பிள்ளைங்க விஷயம் வீட்டுல தெரிஞ்சதும் டீச்சர் கடைக்கு வந்தாங்க. சப்பாத்து போட்டுப் பார்க்கற ஸ்டூல்ல உட்கார்ந்தாங்க. பொண்ணைப் பிடிச்சிருக்கு, நல்ல வேலை, மரியாதை தெரியுது, எங்க வீட்டுல சைவம் சாப்பிடறேன்னு சொல்லிட்டா, எல்லாம் சந்தோஷம்னாங்க. ஒரே ஒரு விஷயம்னு குரலைத் தாழ்த்தினாங்க. "நீ இந்தக் கடையை விட்டுடு கலா. முடியலன்னா துணிக் கடையில இருக்கறதா சொல்லிக்கலாம். பொண்ணோட அம்மா தோல்ல புழங்கறவன்னா எங்க ஆளுங்க வேற மாதிரி நினைப்பாங்க. அப்புறம் இந்தச் சம்பந்தம் நடக்காது."

இது மாட்டைப் பத்தின பேச்சு இல்லைன்னு எனக்கு விளங்கிடுச்சு. உங்களுக்கும் விளங்கியிருக்கும். டீச்சர் குடும்பமும் எங்க குடும்பமும் ரெம்பியா பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் சீவினவங்கதான். முனியாண்டி பூசைக்கு வெட்டின ஆட்டுல எங்க வீட்டுக்கும் ஒரு பங்கு, அவங்க வீட்டுக்கும் ஒரு பங்கு. பத்து வருஷம் பருப்பு சாப்பிட்டதுல அவங்களுக்குத் தனியா 'ஆளுங்க' முளைச்சுட்டாங்க. அளவு பார்க்க இதே கையில காலைத் தூக்கி வெச்சப்போ இந்தக் கை எதுல புழங்குதுன்னு தெரியலையா? "உங்க மகன் ஆபீஸ் டிராயரைத் திறந்து பாருங்க"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா முந்தின நாள்தான் யாழினி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ வாயைத் திறந்தா எனக்குக் கல்யாணம் இல்லைம்மா"ன்னு அழுதிருந்தா. "சரி டீச்சர், துணிக் கடைன்னே சொல்லிக்கலாம்"ன்னேன். பதினெட்டு வருஷத்தை என் வாயாலேயே துடைச்சுப் போட்டேன். வெட்கமா இருந்தது. அப்புறம் ஸ்டோர் ரூமுக்குள்ள போய் அட்டைப் பெட்டிங்களுக்கு நடுவுல நின்னு அழுதேன். அவங்க போகும்போது என் தோளைத் தட்டிக் குடுத்துட்டுத்தான் போனாங்க.

"தப்பா எடுத்துக்காதே, எனக்கு ஒண்ணும் இல்லை, எங்க ஆளுங்களுக்காகத்தான் சொல்றேன்."

பரிசத்தன்னிக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில தட்டோட வந்தாங்க. டீச்சர், பிரவீன், டீச்சரோட அக்கா, அக்கா புருஷன். "சம்பந்தி டவுன்ல துணிக் கடையில இருக்காங்க"ன்னு டீச்சரே அறிமுகம் பண்ணாங்க. "பட்டு எல்லாம் வருமா?"ன்னு அக்காக்காரம்மா கேட்டாங்க. "எல்லா ரகமும் வரும்"னேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டு. சாப்பாடு முழுக்கச் சைவம். சோயாவுல பண்ணின மட்டன் பெரட்டலை அக்கா புருஷன் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டு, அசல் ஆடு மாதிரியே இருக்குன்னு பாராட்டினார். தட்டு மாத்தியாச்சு. அடுத்து எல்லாரும் சேர்ந்து கோயிலுக்குப் போய்ட்டு, அப்படியே மண்டபம் பார்க்கப் போறதா ஏற்பாடு.

வாசல்ல டீச்சர் செருப்புக்குள்ள காலை நுழைச்சாங்க. அதே தங்க நிறச் செருப்பு. மூணு வருஷமா பெட்டியில தூங்கினதை அன்னிக்குத்தான் எழுப்பியிருக்காங்க. முதல் அடி வெச்சதும் இடது காலோட அடி தனியாப் பிரிஞ்சுது. ரெண்டாவது அடியில வார் மாவா உதிர்ந்து, என் வாசல் பூரா தூளாக் கொட்டிச்சு. பட்டுப் புடவையோட, ஒத்தைக் காலைத் தூக்கிக்கிட்டு, கிரில் கம்பியைப் பிடிச்சு நின்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிஷமே அவங்க முகத்தைப் பார்த்துப் பாவமாவும் போச்சு.

அவங்களுக்கும் எனக்கும் ஒரே அளவு, அஞ்சு. உள்ளே போய் என் நல்ல செருப்பை எடுத்துட்டு வந்து அவங்க காலடியில வெச்சேன். பழுப்பு நிறம், ஆறு வருஷம் ஆகுது, அசல் மாட்டுத் தோல். காலை வெச்சதுமே டீச்சருக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியாம இருக்குமா, தோல் மாதிரி இருக்கறதைத் தேடித் தேடித் தடவினவங்களாச்சே. என்னைப் பார்த்தாங்க. நானும் பார்த்தேன். பிரவீன் வானத்தைப் பார்த்தான். அப்போ அக்காக்காரம்மா குனிஞ்சு, "என்ன மங்களம், இது தோல் மாதிரி இருக்கே?"ன்னாங்க. யாழினி என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் அழுந்திச்சு. துணிக் கடைக்காரிக்குத் தோல் செருப்பைப் பத்தி என்ன தெரியும்? டீச்சர் நிதானமா வாரை மாட்டி, புடவையை இறக்கி விட்டு, வகுப்புல பேசற குரல்ல சொன்னாங்க:

"தோல் எல்லாம் இல்லக்கா, பார்க்கத்தான் அப்படி இருக்கும், நம்ம சம்பந்தி பதினெட்டு வருஷமா சப்பாத்துக் கடையில இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாததா?"

கல்யாணம் முடிஞ்சு ஏழு மாசம் ஆகுது, என் பொண்ணு வாராவாரம் வந்து கோழிக் குழம்பு சாப்பிட்டுட்டுப் போறா, என் செருப்பு மட்டும் அந்தச் சைவ வீட்டை விட்டு இன்னும் திரும்பி வரல.