எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னேன்

நூற்றிருபது பக்கக் கொப்பி அது. பக்கத்துக்குப் பக்கம் கணினித் திரை வரைந்திருந்தது. அடிமட்டம் வைத்து இழுத்த பெட்டி, அதன் இடது மூலையில் ஒரு சிறு வட்டம், வட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி. அம்பின் முனையில் நீலப் பேனையால், "இதை அமத்தினால் எல்லாம் வரும்" என்று எழுதியிருந்தது. எழுதியவர் வாவிக்கரைக் கிராமம் ஒன்றின் நூலகத்தில் பதினாறு வருடமாகத் தற்காலிக உதவியாளராக இருந்த பெண். ஊரே அவரை லைபிரரி அக்கா என்றுதான் அழைத்தது.

அந்தக் கொப்பி நிறைந்ததற்கு நான்தான் காரணம். பழைய கணினிகளைத் திருத்தி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, வசதியில்லாத இடங்களுக்குக் கொடுக்கும் ஒரு சிறு குழுவில் அப்போது இருந்தேன். களவாகப் பிரதியெடுத்த மென்பொருள் எதற்கு, உலகமே சேர்ந்து செய்த ஒன்று சும்மா கிடைக்கிறதே என்று காண்பவர்களிடமெல்லாம் பேசித் திரிந்த காலம். அக்காவின் நூலகத்துக்கும் ஒரு கணினியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வைத்தேன்.

அவர் அதை விடவில்லை. ஆறு மாதத்தில் புத்தகப் பட்டியல் முழுவதையும் ஏற்றிவிட்டார். மீன்பிடிச் சங்கத்துக்காரருக்கும் வயற்காரருக்கும் தமிழில் கடிதம் அடித்துக் கொடுத்தார். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தபோது, அதில் கணினிச் செயன்முறையும் உண்டு, பரீட்சை நடக்கும் இடத்திலும் லினக்ஸ்தான் என்று அறிந்து மிகவும் சந்தோசப்பட்டார். ஆனாலும் ஒரு சந்தேகம் அவருக்கு இருந்தது.

"தம்பி, அங்க இதப் போலயே இரிக்குமா? வேற மாதிரி இரிந்தா நான் என்ன செய்யிற?"

"எல்லாம் ஒண்டுதான் அக்கா. ஒண்டப் பழகினா எல்லாம் பழகின மாதிரி."

அதைவிடப் பெரிய பொய்யை நான் யாருக்கும் சொன்னதில்லை.

பரீட்சைக்கு மறுநாள் நூலகத்துக்குப் போனேன். அக்கா அழவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னார். திரையின் இடது மூலையில் வட்டம் இல்லை. கீழே ஒரு சாம்பல் பட்டை. அவர் பழகிய செயலிகள் அங்கே வேறு பெயர்களில் ஒளிந்திருந்தன. தமிழுக்கு மாற்றும் விசை வேலை செய்யவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, "அது தெரியுமா எண்டு பாக்கத்தானே உங்களக் கூப்பிட்டிருக்கு" என்றாராம். தேடித்தேடியே பாதி நேரம் போயிற்று. எப்படியோ தமிழை வரவழைத்துக் கடிதத்தை அடித்து முடித்தார். மூடும்போது, சேமிக்கவா வேண்டாமா என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்தது. எங்கள் கணினியில் சேமிக்கும் பொத்தான் வலது ஓரத்தில். அங்கே அந்த இடத்தில் இருந்தது 'சேமிக்க வேண்டாம்' என்ற பொத்தான். பழகிய கை பழகிய இடத்தில் அமத்தியது. கடிதம் போய்விட்டது.

"என்ட கை பிழை செய்யல்ல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

கணினி அறிவு போதாது என்று கடிதம் வந்தது. அடுத்த முறை விண்ணப்பிக்க வயது இடம் கொடுக்கவில்லை.

ஆத்திரத்தில் இதையெல்லாம் எங்களைப் போன்ற ஆர்வலர்கள் கூடும் இணையக் குழுவொன்றில் எழுதினேன். லினக்ஸுக்கு விதவிதமான திரை முகப்புகள் இருப்பதுதான் எங்கள் சுதந்திரம் என்றார் ஒருவர். கையேட்டை வாசித்திருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இலவசமாகத் தருவதில் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்றார் மூன்றாமவர். யாருடைய சுதந்திரம்? இதைச் செய்பவர்களில் இரண்டு பேருக்குள் கருத்து மோதினால் ஒருவர் பிரிந்துபோய்ப் புதிதாக ஒரு முகப்பைக் கட்டுகிறார். புதிதாகக் கட்டுபவருக்குப் பெயர் கிடைக்கிறது. பக்கத்துக்காரர் வைத்த இடத்திலேயே நானும் பொத்தானை வைக்கிறேன் என்று விட்டுக்கொடுப்பவரை யாரும் மெச்சுவதில்லை. செய்கிறவரும் பாவிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை இது வலிப்பதுமில்லை. எங்கள் பக்கத்தில் வட்டை என்று சொல்லும் வயல்வெளிக்குள் ஆளாளுக்கு விரும்பியபடி வாய்க்கால் வெட்டினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. அதற்காகத்தான் தண்ணீரைப் பங்கிட்டுவிட வட்டைக்கு ஒரு விதானையை வைத்தார்கள். இங்கே விதானையும் இல்லை, கடைசி வயற்காரியின் முகத்தைப் பார்த்தவரும் இல்லை. நானும் பார்க்கவில்லை. கணினியை இறக்கி வைத்தேன், புகைப்படம் எடுத்தேன், வந்துவிட்டேன்.

போன மாதம் பிரதான வீதியில் ஒரு தட்டச்சுக் கடையில் அக்காவைக் கண்டேன். அங்கேதான் இப்போது வேலை. அந்தக் கடையில் லினக்ஸ் இல்லை. பேசிக்கொண்டிருக்கையில் மேசையிலிருந்த முதலாளியின் தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்துப் பேசி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தப் போன் நேத்துத்தான் வாங்கின. இதுக்கு முதல் நான் தொட்டதே இல்ல. ஆனா பச்சைய அமத்தினாக் கதைக்கலாமெண்டு எனக்குத் தெரியும். எவன் செஞ்ச போனெண்டாலும் பச்சை பச்சைதான். உங்கட ஆக்களுக்கு அப்படி ஒண்ட ஒரே மாதிரி வைக்க ஏலாமப் போச்சா தம்பி?"

ஏன் முடியவில்லை என்பதற்குப் பல விளக்கங்கள் எனக்குத் தெரியும். அக்காவின் முன்னால் அவற்றில் ஒன்றைக்கூட வாயில் எடுக்க வெட்கமாக இருந்தது.

"ஏலுமக்கா" என்றேன். "மனமில்ல."