இரண்டு மாத்திரை

காலையில் நான்கு, மதியம் ஒன்று, இரவில் மூன்று என்று ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை விழுங்குகிறேன். மருந்துக்கடையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பேன். மகள் சிரிக்கிறாள். போன மாதம் ஒன்று குறைந்திருந்ததைக் கண்டுபிடித்தது நான்தான். மாத்திரை எண்ணும் பழக்கம் எனக்கு நோயால் வந்ததல்ல. ஆறாம் வகுப்பில் வந்தது.

மாத்திரை என்றால் ஒருமுறை கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம் என்று தமிழ் வாத்தியார் சொன்னார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. உலகத்தார் பேசுவதெல்லாம் என் இரண்டு விரல்களுக்குள் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது. அன்று முதல் ஆரல்வாய்மொழியில் யார் வாயைத் திறந்தாலும் விரல் நொடித்தேன். அப்பா 'போ' என்றால் இரண்டு; 'போலே' என்றால் நான்கு. அதற்கு மேலும் நொடித்தால் முதுகில் விழும். அதற்குக் கணக்குக் கிடையாது.

அளவுக்கு அடங்காதவர் மீன்கார அக்கா ஒருவர்தான். கடற்கரை ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, மீன் நிரம்பிய ஓலைக் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. 'மீனே' என்று அவர் கூவினால் கடைசி எழுத்து மட்டும் ஒன்பது மாத்திரை நிற்கும். ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் வாசலில் அவரை மறித்தேன்.

"நெட்டெழுத்துக்கு ரெண்டு மாத்திரைதான் அக்கா. நீங்க ஒம்பது போடுதிய."

"எனக்குத் தலைவலியும் இல்ல, காய்ச்சலும் இல்ல. எதுக்கு மக்கா மாத்திரை?"

"அவனுக்கு வட்டு, எண்ணுத கிறுக்கு பிடிச்சிருக்கு," என்றாள் அம்மை. "நீ மீனைக் காட்டு. ஏலே, தங்கச்சியப் பாத்துக்க."

நான் பார்த்துக்கொள்ளவில்லை. ஒன்பதுதானா, ஒன்பதரையா என்று சரிபார்க்க அவர் பின்னாலேயே மூன்று தெரு போனேன். திரும்பி வந்தபோது தங்கை வாசலில் இல்லை. அவளுக்கு ஐந்து வயது.

ஆடிக்காற்று எங்கள் கணவாயில் மேற்கே நுழைந்து கிழக்கே போகும். இப்போது என் மாடியிலிருந்து பார்த்தால் முப்பத்தேழு காற்றாலைகள் தெரிகின்றன. இரண்டு எப்போதும் சுற்றுவதில்லை, ஏனென்று கேட்பாரும் இல்லை. அன்று ஊரில் இருந்த ஒரே காற்றாலை தங்கையின் கையிலிருந்த ஓலைக் காற்றாடி.

எல்லாரும் மேற்கே குளத்துக்குத்தான் ஓடினார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிக் காலால் துழாவினார். அம்மை கரையில் நின்று 'ஏட்டீ' என்று கத்தினாள். காற்று அதை அவள் வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது. இரண்டு மாத்திரைகூடத் தேறவில்லை.

சத்தம் கேட்டு மீன்கார அக்கா கடவத்தை எங்கோ வைத்துவிட்டு வந்தார். என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அழாதலே. பிள்ள கையில என்ன வச்சிருந்தா?"

"காத்தாடி."

"காத்து தள்ளுத பக்கம்தான காத்தாடியோட பிள்ளயும் போவும்? பொறவு எதுக்குக் கொளத்துல தேடுதிய?"

பதிலுக்கு நிற்கவில்லை. கிழக்கே ஊர் முடிந்து உடைமரக்காடு தொடங்கும் மேட்டில் ஏறி, முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்றார். உள்ளங்கைகளை வாயருகே குவித்து அம்மை கூப்பிட்ட அதே சொல்லைக் கூப்பிட்டார்: 'ஏட்டீ.'

அந்த 'ஈ' முடியவில்லை. காற்று அதை உடைக்கவில்லை, ஏந்திக்கொண்டு போனது. உடைமரங்களின் தலைக்கு மேலே, பொட்டலைக் கடந்து, மலையடிவாரம் வரை அது போய்க்கொண்டே இருப்பதைக் கண்ணால் பார்த்ததுபோல் இருந்தது. இருபத்துமூன்று வரை நொடித்தேன். பிறகு என் விரல்கள் நின்றுவிட்டன. குரல் நிற்கவில்லை. ஒரு மனித மார்புக்குள் அவ்வளவு நீளம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது, வெகுதூரத்தில் முள்ளுக்கு நடுவே ஒரு மஞ்சள் பாவாடை எழுந்து நின்றது.

தங்கையைத் தூக்கி வந்ததும் அம்மை முதலில் அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். நான் மீன்கார அக்காவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடும்போதும், கூப்பிடும்போதும், கூவி விற்கும்போதும் எழுத்து தன் அளவைக் கடக்கலாம் என்று இலக்கணமே விட்டுக்கொடுத்திருப்பதை நான் கல்லூரியில்தான் படித்தேன். ஆறாம் வகுப்புப் பாடத்தில் அது இல்லை.

திங்கட்கிழமை அவர் வந்தபோது கேட்டேன்.

"இவ்வளவு நீளமாக் கூப்பிட எங்க படிச்சிய அக்கா?"

"கடக்கரையில."

"யாரக் கூப்பிட்டு?"

"கடலுக்குப் போன எங்க வீட்டுக்காரர. மூணு நாளு நின்னு கூப்பிட்டேன்."

"வந்தாரா?"

"அன்னைக்கு எதிர்க்காத்து மக்கா."

எனக்கு அதற்கு வழி தெரிந்திருந்தது. இரண்டு நாளுக்கு முன்னால் அவரே செய்து காட்டியதுதானே.

"முதுகக் காத்துக்குக் காட்டி நின்னிருக்கணும் அக்கா."

சாளை மீனை எண்ணி வாங்கிக்கொண்டிருந்த அம்மையின் கை சட்டிக்குள் அப்படியே நின்றது. மீன்கார அக்கா கடவத்தைத் தூக்கித் தலையில் வைத்தார்.

"ஆமா மக்கா. நின்னிருக்கணும்."

அவர் அடுத்த தெருவுக்குத் திரும்பும்வரை விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். 'மீனே' என்றார். நொடித்தேன். கடைசி எழுத்து சரியாக இரண்டு மாத்திரை நின்றது. ஒருவழியாக அவருக்கு இலக்கணம் விளங்கிவிட்டது என்று அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.