தானாக வெளுக்கும் சன்னல்

நம் ஊரில் வெயில் ஏறினால் சன்னலை நாம்தான் சாத்துவோம். மலேசியாவின் கோலா சிலாங்கூரில் நான் பொருத்தும் சன்னலோ, வெயில் ஏறினால் தானாகவே பால்போல் வெளுத்துவிடுகிறது. இரு கண்ணாடிகளுக்கு நடுவே சூட்டை உணரும் ஒரு கூழ்; சூடானால் மூட்டம், குளிர்ந்தால் தெளிவு. வீட்டுக்குள் ஏர்கோன், அதாவது நம் ஏசி, ஓடுவது குறையும் என்கிறது என் நிறுவனம். ஜெராம் பக்கத்துத் தோட்ட வீடுகள் சிலவற்றில் சோதனைக்காக மாட்டியிருந்தோம்.

நண்பகலில் எல்லாச் சன்னல்களும் வெளுத்தன; ஸ்டெல்லா அக்கா வீட்டில் மட்டும் தெளிவாகவே இருந்தது. கழற்றி மாற்றிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். அவருக்கோ என்மேல் சந்தேகம். "உள்ள கேமரா வச்சிருக்கீங்களா தம்பி?" என்று முதல் நாளே கேட்டவர் அவர். என் ஊர் கரூரில் புது மின்மீட்டர் மாட்ட வந்தவர்களை நானும் இப்படித்தான் வாசலில் நிறுத்தி விசாரித்தேன். அன்று நான் வீட்டுக்காரன்.

"கண்ணாடியக் கழட்டிட்டீங்களாக்கா?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அவரு கண்ணாடியே போடுறதில்ல. கண்ணு நல்லாத்தான் தெரியுது. யாரு சொன்னா ஒங்ககிட்ட?"

நான் கேட்டது சன்னல் கண்ணாடியை. அவர் கணவரின் மூக்குக்கண்ணாடி என்று நினைத்துவிட்டார். ஆனால் அதற்கு ஏன் இத்தனை பதற்றம்? மறுநாள் நண்பகலில் சொல்லாமல் போனேன். அக்கா வெளியே நின்று, ரப்பர் குழாயால் சன்னலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் கணவர் அந்தோணி, நாற்காலியில் அமர்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு இனிப்புநீரு தம்பி, ஒங்க ஊருல சக்கர வியாதிம்பீங்க. ஒரு கால எடுத்தாச்சு. நீங்க மாட்டினப்ப ஆஸ்பத்திரில இருந்தாரு. மத்தியானம் ரோடு வெள்ளையா மறைஞ்சா, கண்ணும் போகுதுன்னு அழுறாரு. ஜன்னல்தான்னு சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேங்கிறாரு. கண்ணும் போச்சுன்னு மவன் காதுல விழுந்தா முதியோர் இல்லத்துல விடலாம்பான்."

வேனிலிருந்த மாதிரிக் கண்ணாடித் துண்டை அந்தோணி முன் வைத்துச் சுடுதண்ணீர் ஊற்றினேன். வெளுத்தது. குளிர்ந்த நீரில் தெளிந்தது. அவர் என்னையே உற்றுப் பார்த்தார். "இவ சொல்லிக்குடுத்துச் செய்யிறியா?"

"நீங்களே ஊத்திப் பாருங்கய்யா."

ஊற்றினார். மறுபடியும் ஊற்றினார். அக்கா சுவரில் சாய்ந்து நின்றார்.

"அப்ப என் கண்ணு இல்ல," என்றார் அந்தோணி மெதுவாக. "இதக் கழட்டிடு தம்பி. எனக்கு ரோடு தெரியணும்."

அன்றே பழைய சன்னல் கண்ணாடியை மாட்டிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்து, "யாருக்கா அது?" என்றாள்.

"நம்ம புள்ளதான்," என்றார் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "இண்டியாக்காரரு," என்றார்.

நம்ம புள்ளையா, இண்டியாக்காரனா? ஒரு காலணியை மாட்டி, மற்றதைக் கையில் பிடித்தபடி அவர் வாசலில் நின்றேன்.