தமிழரசி விட்டுக்கொடுத்த ஞாயிறு

இன்று காலை எங்கள் பழைய மாணவிகள் குரூப்பில் ஒருத்தி, "முந்திரி போடாத பொங்கல் பொங்கலே இல்லை" என்று எழுதினாள். அவ்வளவுதான். வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். கை கூப்பினார்கள், பூ அனுப்பினார்கள். எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்தேன். நல்ல வேளை, மெத்தையில்தான் எறிந்தேன். என் கோபத்துக்கு எப்போதும் கொஞ்சம் முன்யோசனை உண்டு. ஆனாலும் கேட்கிறேன், இத்தனை பெண்களில் ஒருத்திக்குக்கூட "போடி, முந்திரி இல்லாமலே நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லத் தோன்றாதா? எதற்கெடுத்தாலும் அருமை, சூப்பர், உண்மை தோழி. இதற்குப் பெயர் பேச்சா?

அந்தக் குரூப்பில் தமிழரசி இருந்தால் சொல்லியிருப்பாள். அவள் முந்திரி வீட்டுப் பெண். அரியலூர்ப் பக்கம், உடையார்பாளையத்துக்குக் கிட்டே சின்ன ஊர். வீட்டில் மூட்டை மூட்டையாகக் கொட்டை கிடக்கும். "முந்திரி விக்கறதுக்குடி, திங்கறதுக்கு இல்ல. ஒடைச்சுப் பாரு, அப்பறம் பொங்கல்ல போடு" என்பாள். முந்திரியின் ஓட்டில் ஒரு எண்ணெய் உண்டு, பட்டால் தோல் கறுத்து உரியும். அவள் விரல் நுனிகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். கிட்டே உட்கார்ந்தால் கருகின ஓட்டு வாசனை அடிக்கும். எனக்கு அந்த வாசனை முதலில் பிடிக்கவில்லை. இப்போது எங்கேயாவது முந்திரி வறுக்கிற இடத்தைத் தாண்டினால் நின்றுவிடுகிறேன்.

அந்த விரல்களோடுதான் பெரம்பலூருக்குக் கம்ப்யூட்டர் படிக்க வந்தாள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது அந்த சென்டர். உள்ளே ஏசி. எங்கள் ஊரில் அப்போது ஏசியில் உட்கார்ந்தவர்கள் குறைவு. கம்ப்யூட்டர் ஏதோ சாமி மாதிரி, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மழை நாளில் ஈரக்கால் வாடையும் மல்லிகைப்பூ வாடையும் அந்தக் குளிரில் வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வரும். நான் அங்கே டீச்சர். டீச்சர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நானே இரண்டு விரலால்தான் டைப் அடிப்பேன். தமிழரசியும் நூர்ஜஹானும் என்னிடம் படிக்க வந்தவர்கள். மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அதனால் டீச்சர் மரியாதை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தமிழரசி என்னை "ஏ பெரம்பலூரு" என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தப் பெயர் வந்ததே சண்டையில்தான். அப்போது எல்லாம் ஒரே மாவட்டம், பெரம்பலூர் மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் எங்கள் ஊரில். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

"ரயிலே வராத ஊரு ஒரு ஊராடி?" என்று ஆரம்பிப்பாள். "எங்க அரியலூர்ல ஏறுனா மெட்ராஸ்ல எறங்கலாம்."

"ஆமா, அரியலூர்ல எறங்குறவன் கருப்பா எறங்கி வெள்ளையா வூட்டுக்குப் போறான். சிமெண்டு லாரி பின்னாடி நடந்தா இருபது வயசுலயே நரைச்சிடும்."

"வெள்ளையாத்தானே போறான்? ஒங்க ஊருக்காரன் வெங்காயம் உரிச்சி அழுதுக்கிட்டே போறான்."

நூருவுக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான். "யா அல்லா, ரெண்டு ஊருலயும் ஒரு நல்ல பிரியாணி கெடையாது. இதுக்கு இந்தச் சண்ட" என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் நாங்கள் ஓய்ந்தால் அவளே ஊதிவிடுவாள்.

இடையில் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். தமிழரசி ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்து சென்டர் முழுக்கக் கொடுத்தாள், கலெக்டரே அவள் சித்தப்பா மாதிரி. அடுத்த வருஷமே திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். நான் லட்டு வாங்கிப் போனேன். ஒன்றை அவள் கையில் வைத்தேன். லட்டை மட்டும் தின்றாள்.

அப்புறம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிமெண்டு ஆலையில் வேலை, ஆலத்தியூர்ப் பக்கம் குவார்ட்டர்ஸ். பெரம்பலூரிலிருந்து அமெரிக்காவா? பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனால் கல்யாணம் ஆன பெண்ணுக்குச் சிநேகிதியைப் பார்க்க என்று பஸ் ஏற முடியாது. கோயில், ஆஸ்பத்திரி, சாவு, இது மூன்றுக்கும்தான் பஸ். போன் இருந்தது, ஹாலில். பக்கத்திலேயே மாமியாரின் கட்டில்.

வழியை அவளேதான் கண்டுபிடித்தாள். புருஷன் ஏதோ பக்கத்தில் சின்னக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தான். அந்தக் கணக்கு எழுத வீட்டில் கம்ப்யூட்டர், போன் ஒயரில் இன்டர்நெட். கணக்கு எழுதுகிறவள் இவள். டைப் அடிக்கிற சத்தம் கேட்டால் மாமியார், மருமகள் வேலை செய்கிறாள் என்று நினைத்துக்கொள்ளும். ஞாயிறு மத்தியானம் புருஷன் ஷிப்டில் இருப்பான். எங்கள் சென்டரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது, பிரவுசிங் மட்டும்தான். நானும் நூருவும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்துகொள்வோம். சாட் பெட்டியில் அவள் பேருக்குப் பக்கத்தில், ஆள் வந்துவிட்டாள் என்று பச்சைப் பொட்டு வரும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டு மூன்று பேரும் சண்டை போடுவோம்.

முதல் ஞாயிறே நூரு கேட்டாள், "மாமியா எப்புடிடி?"

"வூட்டுக் கத வேணாம்" என்று வந்தது பதில். "அழுவறதுக்கு எனக்கு அடுப்படி இருக்கு. இங்க சண்டைதான். யாரு வூட்டுக் கத பேசுறாளோ அவ தோத்தா."

சிரித்தோம். நல்ல சட்டமாகத் தெரிந்தது. எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மற்ற பெண்கள் எல்லாம் புருஷன், நாத்தனார் என்று புலம்பும்போது, நாங்கள் எவ்வளவு உயர்ந்த விஷயம் பேசுகிறோம் பாருங்கள்: ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுவதா, நசுக்கிப் போடுவதா. கரண்ட் போனால், அந்த நேரம் யார் பதில் சொல்ல வேண்டியிருந்ததோ அவள் தோற்றதாகக் கணக்கு. எங்கள் ஊர் கரண்டால் நான் தோற்றது கொஞ்சநஞ்சமில்லை. "மாவட்டத் தலைநகருக்கு கரண்டு வந்துடுச்சா?" என்று காத்திருந்து கேட்பாள்.

அன்றாடக் கதையும் சண்டைக்குள்ளேதான் வரும். "ஒங்க ஊரு தக்காளி வாங்கினேன், ஒங்க மாதிரியே, வெளிய செவப்பு உள்ள ஒண்ணுமில்ல" என்றால், அன்றைக்குச் சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். குழந்தை உண்டானதைக்கூட அப்படித்தான் சொன்னாள்: "அரியலூருக்காரங்க எண்ணிக்கைல ஒண்ணு கூடுது, பெரம்பலூரு ஜாக்கிரத." அது தங்கவில்லை. அதை அவள் சொல்லவில்லை. பல மாதம் கழித்து நூரு யார் மூலமோ கேள்விப்பட்டு வந்து சொன்னாள். கேட்கலாமா என்று இரண்டு பேரும் யோசித்தோம். சட்டம் இருக்கிறதே. கேட்கவில்லை. அந்த ஞாயிறு பரோட்டாவுக்குச் சால்னாவா குருமாவா என்று நீளமாகப் பேசினோம்.

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது. நான்தான் ஆரம்பித்தேன். எது பெரிய ஊர் என்ற அதே பழைய பாட்டு. புதுசாக ஹைவேயில் ஏதோ ஹோட்டல் திறந்திருந்தார்கள், அதைப் பெருமை அடித்தேன். பதில் வரத் தாமதம் ஆனது. வழக்கமாக அவள் அடிக்கிற வேகத்துக்கு நான் பாதி வார்த்தையில் இருக்கும்போதே இரண்டு வரி வந்து விழும். அன்று காத்திருந்தோம். பிறகு வந்தது.

"சரி. நீ சொல்றதுதான் சரி. பெரம்பலூரே பெருசு."

நானும் நூருவும் கத்தின கத்தில் சென்டர் ஓனர் எழுந்து வந்துவிட்டார். "என்னம்மா, யாருக்காச்சும் ரிசல்ட் வந்துடுச்சா?" என்று கேட்டார். ஜெயிச்சுட்டோம் சார் என்றேன். கீழே இறங்கி டீக்கடையில் சுடச்சுடப் போண்டா வாங்கித் தின்றோம். நூரு, "வருசக்கணக்கா இழுத்தவள மடக்கிப்புட்டியேடி" என்று என் முதுகில் தட்டினாள். போண்டா நாக்கைச் சுட்டது. அவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு.

அடுத்த ஞாயிறு பச்சைப் பொட்டு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தோற்ற ரோஷம் என்று நினைத்துக்கொண்டோம். படித்த கழுதைகள்.

இரண்டாயிரத்து ஏழில், மழைக்காலத்தில், அரியலூரைத் திரும்பவும் தனி மாவட்டம் ஆக்கினார்கள். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது தமிழரசி நினைப்புதான். இன்றைக்கு வருவாள், வந்து என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருந்தேன். "வந்து பேசுடி, ஜெயிச்சிட்ட" என்று எழுதிப் போட்டேன். அவள் பெயர் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இவ்வளவு நாள் வராத பயம்.

பஸ் ஏறிப் போனேன். புருஷன்தான் கதவைத் திறந்தான். கெட்ட ஆள் மாதிரி இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றான். கடைக்குப் போய்க் கலர் வாங்கி வந்து வைத்தான். தமிழரசி இளைத்திருந்தாள். விரல்கள் வெளுத்துச் சுத்தமாக இருந்தன.

"நல்ல பொண்ணுங்க இது" என்றான் அவன், ஏதோ எனக்குச் சான்றிதழ் கொடுப்பது போல. "மொதல்லதான் கொஞ்சம் வாயி. எதச் சொன்னாலும் எதுத்துப் பேசும். இப்ப மாறிடுச்சு. அன்னைக்கு ஒரு ஞாயித்துக்கெழம ஷிப்டு இல்லாம நான்கூடப் பக்கத்துல உக்காந்து பாத்தேன், என்னாத்த இப்புடி மணிக்கணக்கா அடிக்குதுன்னு. ஊரு பெருசா சின்னதான்னு சண்ட! சரின்னு சொல்லிட்டு மூடும்மான்னேன். மூடிடுச்சு."

தமிழரசி காலி கலர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் அடுப்படிக்குப் போனபோது நான் பின்னாலேயே போனேன். "நாங்க ஜெயிச்சோம்னு போண்டா வாங்கித் தின்னோம்டி" என்றேன். வேறு எதைச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி.

எனக்கு ஆத்திரம். அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அரியலூரு தனி மாவட்டம் ஆயிடுச்சுடி, ஒரு வார்த்த திட்டுடி என்னை" என்றேன்.

"மெதுவாப் பேசு" என்றாள். "எதுவா இருந்தா என்னடி. போயிட்டு வா. பஸ்ஸு போயிடும்."

அடுத்த வருஷம் அவனுக்கு வடக்கே எங்கோ வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். உடையார்பாளையம் பக்கம் அவள் அப்பாவும் தோப்பை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார் என்றார்கள். தேடினேன். தமிழரசி என்ற பேரில் எத்தனையோ பெண்கள் வருகிறார்கள், சாமி படம் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் படம் போட்டுக்கொண்டு. யாரிடம் போய்க் கேட்பது, ரயில் வராத ஊர் ஊராடி என்று கேட்டவள் நீதானா என்று? சென்டர் மாடியில் இப்போது கண்ணாடிக் கடை. நாங்கள் பேசின அந்த சாட் பெட்டியையே கம்பெனிக்காரன் இழுத்து மூடிவிட்டான். அவள் அடித்த வரி ஒன்றுகூட எங்கேயும் இல்லை, கடைசியாக அடித்த "பெரம்பலூரே பெருசு" மட்டும் என் மண்டைக்குள் கிடக்கிறது. அதை மறக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

அரியலூர் இன்று தனி மாவட்டம்தான். கலெக்டர் இருக்கிறார். எங்கள் ஊருக்கு இன்னும் ரயில் வரவில்லை. அவள் சொன்னதெல்லாம் சரி, தோற்றது நான். இதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவள் உடனே, "இல்லடி, ஒனக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்று மறுக்க வேண்டும்.