சத்தம் வராத வைத்தியம்

வீட்டிலேயே முதல் பட்டம் அவளுடையதுதான். கையாலேயே மூட்டையும் தசையையும் மெல்ல இளக்கிவிடும் ஆஸ்டியோபதிப் படிப்பு. “தடவிக் குடுக்கறதுக்கு எதுக்குடி நாலு வருஷம்?” என்று அண்ணன் இன்றும் கிண்டலடிப்பான். சில நாள் அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடும். வந்தபோது கூனிக்கொண்டு ஏறியவர் யாராவது, போகும்போது கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கினால் அது போய்விடும்.

அன்று படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். எழுபத்தெட்டு வயது. மூச்சிரைப்புக்குப் பல வருடம் மாத்திரை விழுங்கி எலும்பெல்லாம் பொலபொலத்துப் போயிருந்தது. கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. தலையை இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி, அவர் மூச்சை விடும்போது மட்டும் இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, சத்தமே காணோம்? எதிர் கிளினிக்ல இருக்கறவன் கழுத்தைத் திருப்பி படக்குனு சொடக்கு எடுக்கறானாமே!”

“கியர் கரகரன்னு சத்தம் போட்டா நல்ல டிரைவராய்யா?”

“அட, கையை விட வாய் வேகமா இருக்கே!”

கதவைத் தள்ளிக்கொண்டு கிளினிக் முதலாளி வந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

“அவரே கேக்கறார்ல, ஒண்ணு எடுத்து விடு. சத்தம் கேட்டாத்தான் மறுபடி வருவாங்க.”

“இவர் எலும்பு தாங்காது சார்.”

“தாங்காதுன்னா?” என்றார் பெரியவர்.

“முறிஞ்சாலும் முறிஞ்சுடும்யா.”

“எனக்கே பாடம் எடுக்கறியா?” என்றார் முதலாளி. “தள்ளு, நானே எடுக்கறேன். கையை எடு.”

இந்த வேலைக்காக எத்தனை வாசல் ஏறி இறங்கியிருப்பாள்! ஆனால் உள்ளங்கைகள் ஏந்தியபடியே இருந்தன. கொஞ்சம் அசைந்தாலும் அந்தக் கழுத்துக்குத் தெரிந்துவிடும்.

“எடுக்க மாட்டேன்.”

“நாளையிலேருந்து உனக்கு இங்க வேலை இல்ல.”

“சரி, வரலை. இன்னைக்கு இவருக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.”

பெரியவர் கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் உயர்த்தினார்.

“சார், தலை என்னோடது. அந்தப் பொண்ணு ஓட்டட்டும். நீங்க இந்த ஸ்டாப்புல இறங்கிக்கங்க.”

முதலாளியின் முகம் கறுத்தது. வாசல் பக்கம் திரும்பினார்.

“போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க சார்,” என்றாள் அவள், தலை நிமிராமல். “குளிர்காத்து பட்டா கழுத்து இறுகிக்கும்.”